கட்டிலுக்குக் கீழே போன சூடு

ஜனவரி இரண்டாம் கிழமை, விடியற்காலை ஐந்து மணி. அடுப்பு மூட்ட எழும்பியவள், பழக்கதோஷத்தில் அம்மாவின் கட்டிலருகே டோர்ச்சைப் பிடித்துத் தெர்மாமீட்டரில் அளவு பார்த்தேன். நாங்கள் படுக்கிற அறைக்குள், அதாவது காம்பராவுக்குள், 9.1 பாகை செல்சியஸ். கூரைத் தகரத்தின் அடிப்பக்கம் 4.8. அம்மாவின் போர்வைக்குள் 30.6. அதையெல்லாம் விட, அம்மா போட்டிருந்த இரண்டு சோடி காலுறையில் ஒரு சோடி தரையில் கிடந்தது. தூக்கத்தில் அவரே கழற்றி எறிந்திருக்கிறார். அம்மாவின் படுக்கையைச் சூடாக வைக்க நவம்பரிலிருந்து பட்ட பாட்டுக்கு இது போதும் என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.

எங்கள் லயம், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, நுவரெலியாவிலிருந்து இராகலைக்குப் போகிற வழியில், கந்தப்பளைப் பக்கம். நுவரெலியா டவுனே 1,868 மீட்டர் உயரம்; நாங்களும் அதே குளிரில்தான் கிடக்கிறோம். மழைக்காலக் குளிர் ஒரு மாதிரி, மேகம் மூடிக்கிடப்பதால் ஈரமாக, ஒரே சீராக இருக்கும். ஜனவரி, பெப்ரவரியில் வானம் பளிச்சென்று வெளுத்த இரவுகளில் வருவது வேறு குளிர். புல்லில் வெள்ளையாக உறைபனி படியும், பள்ளமான தேயிலை மலைகளில் கொழுந்து கருகும். அந்த இரவுகளில் தகரம் வெளிக்காற்றையும் விடக் குளிர்ந்துபோய், நாம் விட்ட மூச்சே விடியற்காலையில் சொட்டாக முகத்தில் விழும்.

எங்களுடையது பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. கருங்கல் சுவர், சீமெந்துத் தரை, மேலே தகரம், நடுவில் சீலிங் கிடையாது. இதே தோட்டத்தில் துரை பங்களாவில் அறைக்கு அறை புகைபோக்கி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கட்டியவனுக்குக் குளிர் தெரியாமல் இல்லை. சரி, அந்தக் கதை வேறு.

அம்மாவுக்கு 63 வயது. 38 வருடம் கொழுந்து எடுத்த முழங்கால். அதோடு சீனி வருத்தமும் (நீரிழிவு) உண்டு. பாதத்தில் பாதி உணர்ச்சி இல்லை. போன வருடம் கால்விரல் அடுப்புக் கல்லில் பட்டுப் பொக்களித்ததே அவருக்குத் தெரியவில்லை, நான்தான் பார்த்துச் சொன்னேன். நான் எடுத்த முடிவுகளில் பாதி இந்தப் பாதத்தை வைத்து எடுத்தவை. மின்சாரப் போர்வையைப் பற்றி யோசிக்கவே இல்லை. எங்கள் லயத்து வயரிங் இஸ்திரிப் பெட்டி போட்டாலே மூச்சு வாங்கும்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன்: மேலே மேலே போர்த்தினேன். ஒரு கம்பளி, அதற்கு மேல் இன்னொரு கம்பளி, அதற்கு மேல் பேல் பசாரில் வாங்கிய தடித்த புசுபுசுப் போர்வை. நுவரெலியா டவுனில் ஜெர்சியும் ஜெக்கெட்டும் விற்கிற கடைகள் வரிசையாக இருக்குமே, அங்கே. மூன்றையும் சுருட்டிக் கடைத் தராசில் வைத்தபோது 6 கிலோ 300 கிராம். அம்மா சொன்னது: "ஏன் புள்ள, இது போர்வையா கொழுந்து மூட்டையா? திரும்பிப் படுக்க முடியல." முழங்கால்மேல் பாரம் ஏறி வலி கூடியதுதான் மிச்சம். முதுகு சில்லென்று இருக்கிறது என்று இரவில் இரண்டு தரம் எழும்பினார். முதுகு என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கியிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்தது சூடான பொருள்களைப் படுக்கைக்குள் வைக்கிற கட்டம். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் கொதிநீரை ஊற்றினேன். ஊற்றிய கையிலேயே போத்தல் இடுப்பு ஒடிந்து, சுருங்கி, மூடி கோணிப்போய்ச் சமையற்கட்டுத் தரையெல்லாம் வெந்நீர். அந்தப் பிளாஸ்டிக் கொதிநீருக்கானது அல்ல. கொதிநிலைக்கு வெகு முன்பே நெளிய ஆரம்பிக்கும். நல்லவேளை, கட்டிலில் நடக்கவில்லை.

அதற்கடுத்து நான் செய்தது வெறும் முட்டாள்தனம் அல்ல, ஆபத்து. கவ்வாத்து மிளாறு, அதாவது வெட்டிய தேயிலைக் குச்சி, எரிந்து கிடந்த தணலை ஒரு பழைய தாச்சியில் அள்ளி, காம்பராவின் மூலையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். புகை கொஞ்சமும் இல்லை, அதனால் பயமும் இல்லை. ஒரு மணித்தியாலம் அருமையான கதகதப்பு. பிறகு தம்பி தலையிடி என்று எழும்பினான், வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தான். எனக்கும் நெற்றிப்பொட்டில் இடி. மூடிய அறையில் தணல் விடுகிற கார்பன் மோனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். அந்த இரவே தாச்சியை வெளியே கொட்டினேன். தணல், கரி, மண்ணெண்ணெய் எதுவும் இனிப் படுக்கிற அறைக்குள் கிடையாது.

மூன்றாவதாக ரப்பர் சுடுதண்ணீர்ப் பை. 1,850 ரூபாய், இரண்டு லீற்றர் பிடிக்கும். முதலில் நடைபாதையில் 900 ரூபாய்க்கு ஒன்றைப் பார்த்தேன். கழுத்துப் பக்கத்தில் பூப்போல ஒரு முத்திரை, நடுவில் ஆண்டு, இதழ்கள் மாதங்கள். அந்த முத்திரை காட்டிய ஆண்டு ஏழு வருடம் பழையது. ரப்பர் பயன்படுத்தாமல் கிடந்தாலும் வயதாகும், மடிப்பில் வெடிக்கும். வைத்துவிட்டு வந்தேன். வாங்கினால் அந்தப் பூவைப் பாருங்கள்.

கேத்தல் கொதித்ததும் பத்து நிமிடம் ஆறவிட்டு, பையில் முக்கால் பங்குக்கும் குறைவாக ஊற்றி, மெதுவாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி, மூடியைத் திருகி, தலைகீழாகப் பிடித்துக் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய ஜெர்சியின் கையை வெட்டி உறை தைத்தேன். பிறகு அளந்து பார்த்ததில், உறைக்கு வெளியே இரவு ஒன்பதரைக்கு 54 பாகை, பன்னிரண்டுக்கு 43, மூன்றரைக்கு 33. கணக்குப்படி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உணர்ச்சியில்லாத பாதத்துக்கு 45 பாகை மணிக்கணக்காகப் பட்டுக்கொண்டிருந்தாலே தோல் வெந்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் பை அம்மாவுக்கு முன்பாகவே படுக்கப் போகும். அரை மணித்தியாலம் கட்டிலைச் சூடாக்கும், அவர் படுக்கும்போது வெளியே வந்துவிடும். வந்ததும் எனக்கு.

கட்டில் சூடாகும், பை வெளியே வந்து ஒரு மணித்தியாலத்தில் மறுபடி சில்லிடும். சூடு எங்கேயோ ஓடுகிறது, ஓடுகிற வழி தெரியவில்லை. அப்போதுதான் அளந்து பார்க்கிற புத்தி வந்தது.

டவுனில் மீன்தொட்டிச் சாமான் விற்கிற கடையில் தொட்டித் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கினேன், ஒன்று 475 ரூபாய். தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி, ஒரு மீட்டர் வயர், வயர் நுனியில் உளுந்தளவு முனை. இந்த வேலைக்கு இதைவிடத் தோதான கருவி இல்லை. முனையை மெத்தைக்குள் செருகிவிட்டுப் பெட்டியை வெளியே வைத்துக்கொள்ளலாம், படுத்திருப்பவரைக் கிளப்ப வேண்டியதில்லை. நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த கோப்பையில் இரண்டையும் போட்டேன். ஒன்று 0.4 காட்டியது, மற்றது 1.1. சுழியம் காட்ட வேண்டியவை. அந்த வித்தியாசத்தைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி, அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு அளவிலும் கழித்துக்கொண்டேன். உறையின் அளவு முதல் மேலே சொன்ன எல்லாம் அப்படிக் கழித்தவைதான்.

ஒரு முனையை மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில், அம்மாவின் முதுகு வருகிற இடத்தில் வைத்தேன். இரவு இரண்டு மணிக்குக் காம்பரா 10.4; மெத்தைக்கு அடியில் 17.2. அடடே, அடிப்பக்கம் நல்ல சூடாகத்தானே இருக்கிறது, குறை மேலேதான் என்று முடிவு கட்டி, நாலாவது போர்வை வாங்கக் காசு எடுத்து வைத்தேன்.

தம்பி மரக்கறிக் குளிரறையில் வேலை செய்கிறவன். கொப்பியைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அக்கா, எங்க கூல் ரூம் செவத்துல வெளிப்பக்கம் கைய வச்சா குளிரணுமா, குளிரக் கூடாதா?"

"குளிரக் கூடாது."

"குளிர்ந்தா?"

"செவரு பழுது."

"அப்ப அம்மா மெத்தைக்கு அடியில ஏன் சூடா இருக்கு?"

கொஞ்ச நேரம் பிடித்தது எனக்கு. மெத்தை நல்ல மெத்தையாக இருந்தால் அதன் அடிப்பக்கம் அறையைப் போலவே பத்துப் பாகையில் குளிர்ந்து கிடக்க வேண்டும். 17 காட்டினால், அந்த ஏழு பாகையும் அம்மாவின் முதுகிலிருந்து மெத்தை வழியாக இறங்கி, பலகை இடுக்கால் தரைக்குப் போய்க்கொண்டிருக்கிற சூடு. இரவு முழுக்க அம்மா கட்டிலுக்கு அடியில் இருக்கிற காற்றுக்கு அடுப்பாக எரிந்திருக்கிறார். போர்வைக் காசை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

மறுநாள் மெத்தையைப் பரிசோதித்தேன். நாலு அங்குல ஃபோம் மெத்தை, பதினொரு வருடப் பழசு. சாக்குத் தைக்கிற ஊசியை மேலிருந்து நேராகக் குத்தி, பலகையில் இடிக்கும் வரை இறக்கி, வெளியே நின்ற நீளத்தைக் கழித்துப் பார்த்தேன். ஓரத்தில் நாலு அங்குலம். நடுவில், முதுகும் இடுப்பும் பதிகிற குழியில், ஒன்றேமுக்கால். அதன்மேல் நான் முழங்காலை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் குத்தியபோது அரை அங்குலம்கூட இல்லை. சூட்டைப் பிடித்து வைப்பது ஃபோமுக்குள் இருக்கிற காற்றுதான். அது நசுங்கிப்போனால் மிஞ்சுவது ஒரு தடித்த சீலை. புது மெத்தை விலை கேட்டேன், கேட்டதோடு சரி.

அப்பாயி இருந்த காலத்தில் கட்டிலே இல்லை. தரையில் காய்ந்த மானாப்புல்லைப் பரப்பி, மேலே சாக்கு, சாக்கின் மேல் பாய். மேலே போர்த்த ஒரே ஒரு கறுப்புக் கம்பளி. அம்மா இதைப் பத்துத் தரமாவது சொல்லியிருப்பார், வறுமைக் கதை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கீழே அரையடிப் புல் போட்டுப் படுத்தவர்களுக்கு எங்கே போட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

முதலில் உரச்சாக்கும் அட்டைப் பெட்டியும் விரித்தேன். ஒரு கிழமை நன்றாக இருந்தது, பிறகு அட்டை ஈரம் குடித்து அப்பளமாகிவிட்டது. அடுத்து, ஹாட்வெயார் கடையில் தகரத்துக்கு அடியில் அடிப்பதற்காகச் சுருளாக விற்கிற வெள்ளித்தாள் ஃபோம் ஷீட், 5 மில்லிமீட்டர்த் தடிப்பு, 3 மீட்டர், 1,350 ரூபாய். பார்க்கவே ராக்கெட்டுக்குப் போர்த்துவது மாதிரி இருந்ததில் நம்பிக்கை வந்துவிட்டது. மெத்தைக்கு நேரடியாக அடியில் விரித்தேன். அளவு உடனே மாறியது, முதுகு சில்லிடவில்லை என்று அம்மாவும் சொன்னார். இதோடு முடிந்தது என்று மூன்று கிழமை அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

பார்த்தபோது மெத்தையின் அடித்துணி சொதசொதவென்று நனைந்து, நடுவில் இரண்டு கை அகலத்துக்குக் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம். வெள்ளித்தாளின் மேல் விரலை இழுத்தால் தண்ணீர் ஓடியது. மனித உடம்பு தூங்கும்போதும் ஈரம் விடுகிறது. அது மெத்தை வழியாகக் கீழே இறங்கி, காற்றுப் போகாத அந்தக் குளிர்ந்த தாளில் பட்டுத் தண்ணீராகிறது. தகரத்தில் சொட்டுவதும் மெத்தைக்கு அடியில் சொட்டுவதும் ஒரே சொட்டு. மெத்தை உறையைக் கழற்றி வினாகிரி போட்டுத் துடைத்து, வெயிலுக்கு ஏங்கி ஐந்து நாள் காயவைத்தோம். அந்த ஐந்து நாளும் அம்மா என் மெத்தையில், நான் பாயில். உறையில் கறை இன்னும் போகவில்லை.

அதிலிருந்து இரண்டு விஷயம் தெரிந்தது. அடியில் போடுவது இன்னும் தடிப்பாக இருக்க வேண்டும், அப்போதுதான் அதன் மேற்பக்கம் தண்ணீர் கோக்கிற அளவுக்குக் குளிராது. அதற்கும் மெத்தைக்கும் நடுவில் காற்று நடமாடுகிற ஏதாவது ஒன்று வேண்டும்.

தடிப்பானது எது என்று தேடியபோது கண்ணில் பட்டது மீன்கடை வாசலில் குவிந்து கிடந்த ரெஜிஃபோம் (தெர்மோகோல்) பெட்டிகள். கடற்கரையிலிருந்து ஐஸோடு இந்த மலைக்கு ஏறி வருகிறவை. கரையிலிருந்து இங்கே வரும்வரை ஐஸைக் கரையவிடாமல் பிடித்து வைத்த பெட்டி அம்மாவின் சூட்டைப் பிடித்து வைக்காதா? மூடிகள் மட்டும் கேட்டேன். இரண்டடிக்கு ஒன்றரை அடி, தடிப்பு ஓர் அங்குலம். ஆறடிக்கு மூன்றடிக் கட்டிலுக்கு நீளவாக்கில் மூன்று, அகலவாக்கில் இரண்டு, ஆக ஆறு மூடி கச்சிதம். உடைந்தால் இருக்கட்டும் என்று எட்டு எடுத்தேன். காசு வேண்டாம் என்றார் கடைக்காரர், தேத்தண்ணிக்கு என்று நூறு ரூபாய் கொடுத்தேன்.

மீன்வாடையைப் பற்றி நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். சவர்க்காரத்தூள் போட்டு ஒரு தரம், சாம்பலும் தேசிக்காய்த் தோலும் போட்டு ஒரு தரம், அப்பச்சோடாக் கரைசலில் ஒரு தரம் கழுவினேன். கழுவிக் காயவைத்த அன்று லயத்தில் இருந்த பூனைகள் எல்லாம் எங்கள் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) கூடிவிட்டன. பத்து நாள் வெளியிலேயே போட்டுவைத்த பிறகுதான் உள்ளே எடுத்தோம். மனிதமூக்குக்கு இப்போது தெரியாது. பக்கத்துக் காம்பராக் கடுவன் மட்டும் இன்னமும் கட்டிலுக்கு அடியில் வந்து மேலே பார்த்துக்கொண்டு உட்காரும்.

மூடியின் உட்பக்கம் பெட்டியில் பொருந்துவதற்காக அரை அங்குல விளிம்பு எழும்பியிருக்கும், அதை மட்டமாக்க வேண்டும். ஹெக்ஸோ பிளேடால் அறுத்தேன். வெள்ளைக் குருணை பறந்து தலைமயிர், ஜெர்சி, கண்ணிமை எல்லாம் ஒட்டிக்கொண்டது. தட்டினால் போகாது, கையில் தாவி ஒட்டும். பிறகு தம்பி காட்டித் தந்தது: கூரான கத்தியை மெழுகுதிரியில் தேய்த்துவிட்டு, அறுக்காமல் ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். குருணை பாதியாகக் குறைந்தது. இரண்டு மூடி விளிம்பில் பிளந்தன, அதற்குத்தான் எட்டு.

ஆறையும் பக்கம் பக்கமாக வைத்து, இடுக்கில் காற்றுப் போகாமல் பெட்டி ஒட்டுகிற டேப் ஒட்டினேன். வெறுமனே போட்டால் அம்மா புரளும்போதெல்லாம் மூடியும் மூடியும் உரசிக் கிறீச் கிறீச் என்றது, பல் கூசும். பழைய பெட்ஷீட்டை உறையாகத் தைத்து மூன்று மூன்றாக உள்ளே போட்டதும் சத்தம் நின்றது. ஒரு கண்டிப்பு: ரெஜிஃபோம் தீப்பிடித்தால் குபீரென்று உருகி எரிந்து கறுப்புப் புகையைக் கக்கும். அம்மா தலைமாட்டில் ஏற்றிவைக்கிற காமாட்சி விளக்கு இப்போது எதிர்ச்சுவர் மாடத்துக்குப் போய்விட்டது. அதற்கு ஒரு கிழமை என்னோடு பேசவில்லை.

மூடிகளுக்கு மேல் தேங்காய்த் தும்பு விரிப்பு, 1,400 ரூபாய். கதவடியில் போடுகிற கால்துடைப்பான் மாதிரியேதான், நீளமானது. தும்பு நசுங்காது, அதன் இடுக்கில் காற்று ஓடும், ஈரம் தங்காது. அதற்கு மேல் மெத்தை.

கடைசியாக, மெத்தைக்கு மேல், அம்மாவின் முதுகுக்கு நேர் கீழே போடுகிற ஒரு தடிவிரிப்பு. போர்த்துவதற்கல்ல, படுப்பதற்கு. தையல் என் பிழைப்பு என்பதால் இந்தக் கட்டத்தில்தான் எனக்குச் சந்தோஷம். கார்மென்ட்ஸ் வெட்டுத்துண்டுகளில் ஃபிளீஸ் துணியாகப் பொறுக்கி இரண்டரைக் கிலோ, கிலோ 900 வீதம் 2,250 ரூபாய். கீழ்ப்பக்கமும் மேல்பக்கமும் ஃபிளீஸ். நடுவில் அம்மாவின் பழைய பருத்திச் சேலைகள் மூன்று, நாலாக மடித்து. அளவு ஆறரை அடிக்கு மூன்றரை அடி. மிதிக்கிற சிங்கர் மெஷினில் 14ஆம் நம்பர் ஊசி இரண்டு உடைந்த பிறகு 16க்கு மாறினேன். தையலைப் பெரிதாக வைத்து, ஆறு அங்குலத்துக்கு ஒரு கோடு. கோடுகளை நெருக்கமாக ஓட்டினால் பார்க்க அழகு, ஆனால் ஒவ்வொரு கோட்டிலும் துணி நசுங்கிக் காற்று போய்விடும், அழகை விட்டுவிட்டேன். நடுவில் ஃபிளீஸ் வழுக்கி, கீழ்த்துணி ஒன்றரை அங்குலம் நழுவிவிட்டது. ஓரத்தைப் பிரித்து மறுபடி தைத்தேன். நாலு மூலைக்கும் இலாஸ்டிக் வைத்து மெத்தையில் மாட்டினேன், நூலும் இலாஸ்டிக்கும் 380 ரூபாய்.

இதற்கு நடுவில் ஒரு கோமாளித்தனமும் உண்டு. கட்டிலின் நாலு மூலையிலும் குச்சி கட்டி, மேலேயும் பக்கங்களிலும் சேலை சுற்றிக் கூடாரம் போட்டேன். உள்ளே அறையைவிட இரண்டரைப் பாகை கூடவே காட்டியது. அம்மா உள்ளே படுத்து ஒரு நிமிடம் மேலே பார்த்தார். "என்னாடி, உசுரோட பாடையில ஏத்திட்டியா?" அன்றே கழற்றினேன். தலைக்கு மேல் மட்டும், தகரச் சொட்டு முகத்தில் விழாமல் இருக்க, மிஞ்சிய வெள்ளித்தாளைச் சரிவாகக் கட்டியிருக்கிறேன். சொட்டு அதில் வழிந்து சுவரோரம் போகிறது. கட்டிலைக் கருங்கல் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளிப் போட்டதில் செலவே இல்லை, முழங்கை சுவரில் பட்டு விழிப்பது நின்றது. தலைக்கு மங்கித் தொப்பி எப்போதும்போல.

எல்லாம் சேர்த்தபின் எடுத்த அளவு: இரவு இரண்டு மணி, காம்பரா 9.6. மெத்தைக்கும் மூடிக்கும் நடுவில் 25.3. மூடிக்கு அடியில், பலகையில், 11.4. பலகை குளிர்ந்துவிட்டது என்று நான் சந்தோஷப்படுவதைப் பார்த்து அம்மாவுக்கு என்மேல் சந்தேகமே வந்துவிட்டது. மேலே இப்போது கம்பளி ஒன்று, புசுபுசுப் போர்வை ஒன்று; ஒரு கம்பளி பெட்டிக்குள் போய்விட்டது. காலையில் மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்து அரை மணித்தியாலம் ஆறவிடுகிறோம். ஆறு கிழமையாகிறது, அடித்துணி காய்ந்தே இருக்கிறது. மழை விடாமல் பெய்கிற மாதங்களில் என்ன ஆகும் என்பதை ஜூலையில்தான் பார்க்க வேண்டும்.

செலவு, தெர்மாமீட்டரும் சுடுதண்ணீர்ப் பையும் சேர்த்து 8,280 ரூபாய். இதில் வெள்ளித்தாளுக்குப் போன 1,350இல் முக்கால்வாசி தண்டம்.

மறுபடி செய்தால் தடிவிரிப்பை ஒன்றாகத் தைக்க மாட்டேன், மெல்லியதாக இரண்டு தைப்பேன். ஒரு தரம் துவைத்ததில் மூடுபனிக்குள் நாலு நாள் கொடியில் தொங்கியது. அந்த நாலு இரவும் அம்மாவின் முணுமுணுப்பைக் கேட்டவள் நான். மூடிகளை உள்விளிம்பு இல்லாததாகப் பார்த்துப் பொறுக்குவேன். தெர்மாமீட்டரை நவம்பரிலேயே வாங்குவேன்.

பக்கத்துக் காம்பரா அக்கா வந்து கட்டிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தன் மாமியாருக்கும் அப்படியே ஒன்று வேண்டும் என்றார். கீழ் லயத்தில் இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். போன சனிக்கிழமை மூடி எடுக்கப் போனேன். மீன்கடைக்காரர் மூடிக்கு ஐம்பது ரூபாய் சொல்கிறார்.